பழக்கூடை: அப்பா சாப்பிட்ட அம்ப்ரி ஆப்பிள் எங்க போச்சு?

போன மாசம் இந்தப் பகுதியில போற போக்குல 'இப்பல்லாம் ஆப்பிள்ல வாசனையே இல்ல'னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், மாம்பழ சீசன்ல கூட இவ்ளோ லெட்டர் வந்ததில்ல. பாதி பேர் 'ஆமா ஆமா'ங்கறாங்க, மீதி பேர் 'நீங்க கடை மாத்துங்க'ங்கறாங்க. அதனால இந்த மாசம் கூடை முழுக்க ஆப்பிள்தான், கொய்யா பத்திக் கேட்ட அடையாறு வாசகர் கோச்சுக்காம அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

நங்கநல்லூர் வாசகி: எங்க அப்பாவுக்கு 81 வயசு. ஆர்மியில இருந்தப்போ கொஞ்ச நாள் ஸ்ரீநகர்ல போஸ்டிங். அங்க அம்ப்ரினு ஒரு ஆப்பிள், லீவுல ஊருக்கு வர்றப்போ ட்ரங்க் பெட்டியில துணிக்கு நடுவுல நாலு வெச்சு எடுத்துட்டு வந்தா மெட்ராஸ் வந்து பெட்டியத் தொறக்கும்போது யூனிஃபார்ம் எல்லாம் மணக்கும்னு சொல்வார். நான் வாங்கிட்டு வர்ற ஒவ்வொரு ஆப்பிளையும் மோந்து பாத்துட்டு 'இது இல்லமா'னு தட்டுல வெச்சிடறார். அப்படி ஒரு ஆப்பிள் நிஜமாவே இருக்கா, இல்ல வயசான காலத்துல ஏதாவது கற்பனையா?

இருக்கும்மா, நிஜமாவே இருக்கு. முதல்ல அப்பாகிட்ட ஒரு சாரி சொல்லிடுங்க.

நாம இங்க தள்ளுவண்டியில 'காஷ்மீர் ஆப்பிள், காஷ்மீர் ஆப்பிள்'னு கூவறதக் கேட்டு வாங்கறோமே, அதுல பெரும்பாலானது டெலிஷியஸ் ஜாதி. காஷ்மீர்ல விளைஞ்சதுதான், அதுல பொய் இல்ல, ஆனா அதோட பூர்வீகம் அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்துல பெருனு ஒரு சின்ன ஊர். அங்க ஜெஸ்ஸி ஹயட்னு ஒரு விவசாயி, அவர் தோட்டத்துல வரிசைக்கு வெளிய தானா ஒரு ஆப்பிள் கன்னு மொளைச்சுது, வெட்டிப் போட்டார், திரும்ப வந்துச்சு, மறுபடி வெட்டினார், மறுபடி வந்துச்சு, சரி பொழச்சுப் போன்னு விட்டுட்டார். அந்த மரத்துப் பழத்ததான் 1890கள்ல ஸ்டார்க் நர்சரிக்காரங்க வாங்கி டெலிஷியஸ்னு பேர் வெச்சு உலகம் பூரா அனுப்பினாங்க. அதே ஜாதிய 1916 வாக்குல ஹிமாச்சல்ல கோட்கர் பக்கம் நட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ், ஃபிலடெல்ஃபியாவுல இருந்து தொழுநோயாளிங்களுக்கு சேவை பண்ண வந்தவர், அப்புறம் சத்யானந்தானு பேர மாத்திக்கிட்டு நம்ம சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கே போனவர். நம்ம ஷிம்லா ஆப்பிள் வியாபாரம் எல்லாம் அவர் போட்ட பிள்ளையார் சுழிதான்.

அம்ப்ரி அப்படி வந்தது இல்ல. அது அந்த மண்ணோட சொந்தக்காரி. டெலிஷியஸ் கப்பல் ஏறி வர்றதுக்கு முன்னாடியே அங்க அதுதான் ராணி, 1895-லயே வால்டர் லாரன்ஸ்னு காஷ்மீர்ல நில அளவை வேலை பாத்த வெள்ளக்கார அதிகாரி இந்தப் பழத்தப் பத்தி எழுதி வெச்சிருக்கார், அம்ரினு எழுதறார், அக்டோபர்ல பழுக்கும், ரொம்ப நாள் கெடாது, ஜனங்க இனிப்புக்காகவும் அழகுக்காகவும் விரும்பறாங்க, வெளியூருக்கு நிறைய ஏத்துமதி ஆகுதுன்னு. ஆக உங்க அப்பாவுக்கு முன்னாடியே நிறைய பேர் அத மூட்டை கட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க.

இப்ப ஏன் கண்ணுல படல? இதுல பழத்து மேல ஒரு குத்தமும் இல்ல, மரத்துக்குப் பொறுமை ஜாஸ்தி, அதான் பிரச்சனை. அம்ப்ரி கன்னு நட்டா காய்க்க ஆரம்பிக்க பத்து வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம். டெலிஷியஸ் அதுல பாதி காலத்துலயே கையில காசக் கொடுத்துடும். அது போக அம்ப்ரி ஒரு வருஷம் நல்லா காய்ச்சா அடுத்த வருஷம் 'எனக்கு ரெஸ்ட் வேணும்'ங்கற டைப், நம்ம ஊர் மாமரம் பல இப்படித்தான் பண்ணும். நிறமும் முழு சிவப்பு கிடையாது, மஞ்சள் கலந்த பச்சை மேல சிவப்புக் கோடு கோடா தீத்தின மாதிரி இருக்கும். மண்டியில பெட்டியத் தொறந்ததும் பளீர்னு சிவப்பு தெரியலன்னா வியாபாரி விலையக் குறைப்பார். பொண்ணு கல்யாணத்துக்குக் காசு சேக்கணும்னு தோட்டம் போடற ஒருத்தர் எத நடுவார் சொல்லுங்க? தப்பே சொல்ல முடியாது. அப்படி அப்படியே போன நூற்றாண்டு நடுவுல இருந்து அம்ப்ரி மரத்த எடுத்துட்டு டெலிஷியஸ் நட்டு நட்டு, இன்னைக்கு ஷோபியான் மாதிரி சில பக்கத்துல பழைய தோட்டங்கள்ல மிச்சம் இருக்கு, மொத்த விளைச்சல்ல ரொம்ப ரொம்ப சின்ன பங்கு.

ஸ்ரீநகர் விவசாயப் பல்கலைக்கழகத்துல இத விட மனசில்லாம டெலிஷியஸோட சேத்து லால் அம்ப்ரினு ஒண்ணு, கோல்டன் டெலிஷியஸோட சேத்து சுன்ஹரினு ஒண்ணு உருவாக்கி இருக்காங்க. நல்ல முயற்சிதான், ஆனா அப்பா கேக்கறது அது இல்ல.

வாசனை பத்திக் கேட்டீங்களே, நான் ஒரே ஒரு தடவை அனுபவிச்சிருக்கேன். என் மச்சினர் ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் ஸ்ரீநகர்ல இருந்து தீபாவளிக்கு முன்னாடி வந்தப்போ அஞ்சு பழம் பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்து கொடுத்தார். பாக்க ஒண்ணும் பிரமாதம் இல்ல, கொஞ்சம் நீட்டு வாக்கு, ஒண்ணு ஒரு பக்கம் சாஞ்சு வேற இருந்துச்சு. எங்க வீட்டம்மா அத அரிசி டிரம் மேல வெச்சுட்டாங்க, நானும் மறந்துட்டேன். ரெண்டாம் நாள் காலையில பால் வாங்க எழுந்து சமையலறைக் கதவத் தொறந்தா, யாரோ ரோஜாத் தண்ணியும் தேனும் கலந்து தெளிச்ச மாதிரி ஒரு வாசனை, முந்தின நாள் வெச்ச வத்தக்குழம்பு வாசனையையே அமுக்கிடுச்சுன்னா பாத்துக்கோங்க. கத்திய வெச்சா 'டப்'னு ஒரு சத்தம், உள்ள வெள்ளை வெளேர்னு, கடிச்சா புளிப்பு நாக்கு ஓரத்துல லேசா எட்டிப் பாத்துட்டு ஓடிடுது, மீதி எல்லாம் இனிப்பு. நாலு பழம் அன்னைக்கே காலி. அஞ்சாவத நான் ஒளிச்சு வெச்சேன், பையன் கண்டுபுடிச்சுட்டான்.

அந்த ருசியில மயங்கி அடுத்த வருஷம் ஆன்லைன்ல 'ஒரிஜினல் அம்ப்ரி, நேரடியா தோட்டத்துல இருந்து'ன்னு போட்ட ஒரு இடத்துல மூணு மடங்கு விலை கொடுத்து ஒரு பெட்டி ஆர்டர் பண்ணேன். வந்துச்சு. தொறந்தா எல்லாம் முழு சிவப்பு, ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் அஞ்சு முட்டு. அது டெலிஷியஸோட ரேகை மாதிரி, அந்த அஞ்சு முட்டு தெரிஞ்சா பேர் என்ன போட்டிருந்தாலும் நம்பாதீங்க. ஃபோன் பண்ணா 'சார் இதுவும் காஷ்மீர்தான்'ங்கறாங்க. காசு திரும்ப வரல, பழத்த ஜூஸ் போட்டுக் குடிச்சுட்டேன், கோவத்துல சர்க்கரை கூட போடல.

அதனால உங்களுக்கு என் யோசனை இதான்: ஆன்லைன் வேணாம். அக்டோபர் கடைசி, நவம்பர்ல தெரிஞ்சவங்க யாராவது அந்தப் பக்கம் போனா சொல்லி வைங்க, ஆர்மிக்காரங்க குடும்பம்னா யாராவது கிடைப்பாங்க. நாலு பழம் போதும். வந்ததும் ஃப்ரிட்ஜ்ல திணிக்காம அப்பா கட்டில் பக்கத்துல ஒரு நாள் வைங்க.

அயனாவரம் வாசகர்: வாசனை ஏன் குறைஞ்சுதுன்னு எழுதவே இல்லையே? எனக்கு மே மாசம் வாங்கற ஆப்பிள் எல்லாம் மாவா வேற இருக்கு.

உங்க கேள்வியிலயே பதில் இருக்கு, மே மாசம்! ஹிமாச்சல் ஆப்பிள் ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும், காஷ்மீர் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் பறிப்பாங்க. அப்ப மே மாசம் உங்க கைக்கு வர்றது ஒண்ணு வெளிநாட்டுப் பழம், இல்ல அஞ்சாறு மாசம் குளிர் அறையில தூங்கின பழம். அந்த அறையில வெறும் குளிர் மட்டும் இல்ல, நாம மூச்சு விடற காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்குல்ல, அங்க அத மூணு சதவீதத்துக்கும் கீழ இறக்கிடுவாங்க. பழத்துக்கும் மூச்சு உண்டு, அத அமுக்கி வெச்சா பழுக்கறது நின்னுடும். வாசனை தர்ற சமாச்சாரம் எல்லாம் பழம் பழுக்கும்போது முக்கியமா தோல் பக்கம்தான் உருவாகும், ரொம்ப நாள் மூச்ச அமுக்கி வெச்சா வெளிய எடுத்த அப்புறமும் அந்த சக்தி சரியா திரும்பறதில்ல. பாக்க நேத்து பறிச்ச மாதிரி, மோந்தா தெர்மாகோல்.

மாவு விஷயம் வேற. ஆப்பிள் உள்ள இருக்கற சின்னச் சின்ன அறைகள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சிருக்கறது பெக்டின்னு ஒரு பசை. நல்ல பழத்தக் கடிச்சா அறை உடைஞ்சு சாறு தெறிக்கும். பழம் வயசானா பசை கரைஞ்சுடும், அப்ப கடிச்சா அறை உடையாம தனித்தனியா பிரிஞ்சு வந்துடும், சாறு உள்ளயே மாட்டிக்கிட்டு நாக்குல ரவை மாதிரி உருளும். நம்ம ஊர் வெயில்ல தள்ளுவண்டியில ரெண்டு நாள் நின்னாலே இந்த வேலை நடந்துடும். வாங்கும்போது விரலால தட்டிப் பாருங்க, கிண்ணுனு கேக்கணும், தொப்புனு கேட்டா வெச்சுட்டு வந்துடுங்க.

கொளத்தூர் வாசகி: நல்ல இனிப்பான ஆப்பிள் சாப்பிட்டுட்டு விதைய டிஷ்யூ பேப்பர்ல வெச்சு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மாசம் வெச்சேன், மொளைச்சுடுச்சு! இப்ப மாடித்தோட்டத்துல ஒரு அடி இருக்கு. எப்ப காய்க்கும்? அதே ருசி வருமா?

ஃப்ரிட்ஜ்ல வெக்கணும்னு தெரிஞ்சு வெச்சீங்களே, அதுக்கே கை குலுக்கணும், ஏன்னா ஆப்பிள் விதைக்கு ஒரு குளிர்காலம் முடிஞ்சாதான் தூக்கம் கலையும்.

ஆனா அதே ருசி வராது. பங்கனப்பள்ளி கொட்டையப் போட்டா பங்கனப்பள்ளி வர்றதில்லையே, அதே கதை, ஆப்பிள்ல இன்னும் மோசம். ஆப்பிள் பூ தன்னோட மகரந்தத்த தானே ஏத்துக்கறது ரொம்ப அபூர்வம், வேற ஜாதி மரத்துல இருந்து தேனீ கொண்டு வரணும். ஒரே பழத்துக்குள்ள இருக்கற விதைகளுக்கே அப்பா வேற வேறயா இருக்கலாம். நீங்க வளக்கறது உலகத்துலயே வேற யார்கிட்டயும் இல்லாத ஒரு புது ஜாதி, அது புளியங்காய் மாதிரியும் இருக்கலாம், தேன் மாதிரியும் இருக்கலாம், லாட்டரிதான்.

லாட்டரி அடிச்சவங்க இருக்காங்க. இங்கிலாந்துல சவுத்வெல்னு ஒரு ஊர்ல 1809-ல மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டுனு ஒரு சின்னப் பொண்ணு உங்கள மாதிரியே விதையத் தொட்டியில போட்டுச்சு, வளந்ததும் தோட்டத்துல மாத்தி நட்டாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போயிடுச்சு, 1846-ல வீட்ட பிராம்லினு ஒரு கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். 1856-ல ஒரு நர்சரிக்காரப் பையன் வந்து 'இந்த மரத்துல இருந்து ஒட்டுக்குக் குச்சி வெட்டிக்கவா'ன்னு கேட்டதுக்கு 'வெட்டிக்கோ, ஆனா என் பேர் வெக்கணும்'னாராம். அதான் பிராம்லி ஆப்பிள், இன்னைக்கும் இங்கிலாந்துல சமையலுக்குன்னா அதுதான். நட்ட பொண்ணு பேர் போச்சு, வீடு வாங்கினவர் பேர் நின்னுச்சு! இதுக்கு நான் என்ன சொல்ல.

இதுல கவனிக்க வேண்டியது அந்தக் குச்சி. இன்னைக்கு எங்க பிராம்லி மரம் நின்னாலும் அது அந்த ஒரே மரத்தோட துண்டுதான், வேற வேர் மேல ஒட்டுக் கட்டினது. பழைய ஜாதி எல்லாம் இப்படித்தான் உயிரோட இருக்கு, யாராவது ஒருத்தர் தலைமுறைக்கு ஒரு தடவை கத்தி எடுத்து ஒட்டுக் கட்டணும், கட்ட ஆள் இல்லன்னா கடைசி மரம் சாயற அன்னைக்கு ஜாதியும் போச்சு, விதையப் பத்திரமா எடுத்து வெச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

காய்க்குமான்னு கேட்டீங்க. உடைச்சு சொல்லிடறேன், கொளத்தூர்ல கஷ்டம். ஆப்பிள் மரம் குளிர்ல இலை உதுத்து தூங்கணும், சாதாரண ஜாதிக்கு 7 டிகிரிக்கு கீழ 1000 மணி நேரத்துக்கு மேல வேணும். நமக்கு மார்கழி விடியக்காலையில 20 டிகிரி ஆனாலே மஃப்ளர் கட்டிக்கறோம். தூக்கம் சரியா வராத மரம் கண்ட நேரத்துல ரெண்டு இலை விட்டு, பூக்காம நிக்கும். குளிர் கம்மியா போதும்கற ஜாதி இருக்கு, இஸ்ரேல்ல உருவாக்கின அன்னா ஒண்ணு, ஹிமாச்சல்ல பிலாஸ்பூர் பக்கம் ஹரிமன் சர்மாங்கற விவசாயி கண்டுபுடிச்ச எச்ஆர்எம்என்-99 ஒண்ணு, இதெல்லாம் சமவெளியில காய்ச்சிருக்கு. சென்னை உப்புக்காத்து, புழுக்கம் இதுல ஆசைக்கு நாலு காய் பாக்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. உங்க கன்னு அழகுக்கு இருக்கட்டும், பேர் மட்டும் இப்பவே உங்க பேர வெச்சுடுங்க, அப்புறம் வீடு வாங்கறவன் வந்து வெச்சுக்கப் போறான்.

சைதாப்பேட்டை வாசகர்: 1978-ல கல்யாணமான புதுசுல கொடைக்கானல் போனோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாட்டி கூடையில குட்டிக் குட்டியா ஆப்பிள் வித்தாங்க, மஞ்சள் பச்சையில கன்னம் மட்டும் செவந்து இருந்துச்சு, ஒரு பை வாங்கிட்டோம். அங்க சாப்பிட்டப்போ அமிர்தம், மெட்ராஸ் வந்து அம்மாவுக்குக் கொடுத்தா 'இதையாடா தூக்கிட்டு வந்தே'ன்னாங்க. வீட்டுக்காரி இன்னும் அதச் சொல்லிக் காட்டறா. ரெண்டு நாள்ல எப்படி சார் அப்படி மாறும்?

மாறும் சார், அப்படி மாறறதுக்குன்னே சில ஜாதி இருக்கு. நீங்க வாங்கினது எதுன்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது, ஆனா நம்ம மலைக்குன்னு சிபாரிசு பண்ற சீக்கிரம் பழுக்கற ஜாதியில ஐரிஷ் பீச்னு ஒண்ணு உண்டு, நீங்க சொல்ற லட்சணம் அதுக்குப் பொருந்துது. பேர்ல பீச் இருந்தாலும் ஆப்பிள்தான். அயர்லாந்துப் பூர்வீகம், 200 வருஷத்துக்கு மேல பழைய ஜாதி, அந்த ஊர்ல ஆகஸ்ட் ஆரம்பத்துலயே பழுத்துடும், நம்ம மலையில இன்னும் சீக்கிரம், கோடையிலயே. மரத்துல இருந்து பறிச்சு அங்கயே நின்னு சாப்பிட்டா அதுக்கு ஈடு கிடையாது, வீட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி ஜீவன் போயிடும், ரெண்டு நாள் பஸ்லயும் ரயில்லயும் குலுங்கினா மாவு மூட்டைதான். சீக்கிரம் பழுக்கற ஆப்பிள் எதுவுமே நிக்காது, லேட்டா பழுக்கற அம்ப்ரி மாதிரி ஜாதிதான் பெட்டியில தூங்கும். அம்மா மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல.

இன்னொரு வேடிக்கை, அந்த ஐரிஷ் பீச் மரம் கிளை நுனியிலதான் காய்க்கும். தெரியாம நுனியெல்லாம் அழகா வெட்டி விட்டா அந்த வருஷக் காய் மொத்தமும் குப்பைக்குப் போயிடும். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல பார்லின்ஸ் பியூட்டினு ஒரு ஜாதியத் தேர்ந்தெடுத்து கேகேஎல்-1னு வெளியிட்டாங்க, அதுவும் மலைக்குத் தோதானது. இப்ப அங்க போனா பேரிக்கா, ப்ளம்ஸ், அவகாடோதான் கண்ணுல படுது, ஆப்பிள் கேட்டா கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டினத நீட்டறார். எதுக்கும் இந்தத் தடவை ரெண்டு பேரும் போங்க, பழம் கிடைச்சா பஸ் ஸ்டாண்ட்லயே சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க.

வேளச்சேரி வாசகர்: லண்டன்ல இருக்கற என் தங்கச்சி ஒரு ஆப்பிள் ஃபோட்டோ அனுப்பினா, தோல் எல்லாம் சொரசொரன்னு சப்போட்டா மாதிரி பழுப்பா இருக்கு. அழுகினதான்னு கேட்டா 'இதுதான் இங்க காஸ்ட்லி'ங்கறா. கதை விடறாளா?

கதை இல்ல, தங்கச்சிக்கு நல்ல நாக்கு. அதுக்கு ரசெட்னு பேர். சப்போட்டானு நீங்க சொன்னதவிட நல்லா யாரும் சொல்ல முடியாது, தோல் மேல தக்கை மாதிரி ஒரு படலம், தொட்டா உப்புத்தாள் கணக்கா இருக்கும். 1870கள்ல பேர் வாங்கின எக்ரெமான்ட் ரசெட்தான் அங்க கடையில சாதாரணமா கிடைக்கறது, தங்கச்சி அனுப்பினது அதுவா இருக்கும்.

ஆனா ரசெட்ல எனக்குக் கேட்டாலே எச்சில் ஊற வெக்கற பேர் ஆஷ்மீட்ஸ் கெர்னல். 1700 வாக்குல க்ளாஸ்டர்ங்கற ஊர்ல ஆஷ்மீட்னு ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்துல வந்தது. இத வெளிநாடு போனப்போ ஒரு தடவை சந்தையில பாத்து ஒரு கிலோ வாங்கினேன், வித்த பாட்டி ஒரு கேள்வி கேட்டுட்டுதான் கொடுத்தாங்க, 'இன்னைக்கே சாப்பிடுவியா, கிறிஸ்துமஸுக்கா'ன்னு. பறிச்ச உடனே சாப்பிட்டா புளிப்பு சுளீர்னு இருக்கும், ரெண்டு மாசம் வெச்சா புளிப்பு அடங்கி இனிப்பு மேல ஏறி வரும். சின்ன வயசுல பெட்டிக்கடையில வாங்கின புளிப்பு மிட்டாய், கொஞ்சம் பேரிக்கா, ரெண்டும் சேந்த ருசி. சர்க்கரையும் ஜாஸ்தி, புளிப்பும் ஜாஸ்தி, ரெண்டும் மல்லுக்கு நிக்கும், நம்ம ஊர் இமாம் பசந்துல கூட இப்படி ஒரு சண்டை கிடையாது. ஏன் கடைக்கு வரலன்னா, காய்ப்பு கம்மி, ரசெட் தோல் வழியா தண்ணி ஆவியாகி பழம் சுருங்கிடும், பாக்கறவங்க கிழவினு ஒதுக்கிடுவாங்க. சுருங்கினா ருசி கூடத்தான் செய்யுது, அத யார் கேக்கறாங்க. கோயம்பேட்டுல இந்தத் தோலோட ஒரு பெட்டி எறக்கினா நம்ம ஆளுங்க 'எடு எடு, மாட்டுக்குப் போடு'ம்பாங்க.

தங்கச்சிகிட்ட சொல்லுங்க, கென்ட்ல பிராக்டேல்னு ஒரு இடத்துல இங்கிலாந்து தேசிய பழச் சேகரிப்பு இருக்கு, ஆப்பிள்ல மட்டும் 2000-க்கு மேல ஜாதி மரமா நிக்குது. அக்டோபர்ல ஒரு நாள் லீவு போட்டுப் போகலாம். காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின்ங்கற ஆப்பிள் கிடைச்சா காது கிட்ட வெச்சு ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க, நல்லா பழுத்திருந்தா விதை உள்ள கிலுகிலுப்பை மாதிரி கலகலங்கும்.

மதுரவாயல் வாசகர்: கறுப்பு ஆப்பிள் விதைனு 300 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் விக்கறாங்க, வாங்கலாமா?

வேணாம். காரணம் கொளத்தூர் வாசகிக்கு சொன்னதேதான், விதையில ஜாதி வராது. கறுப்பு ஆப்பிள் பொய் இல்ல, திபெத்துல நிங்சிங்கற மலைப்பகுதியில டெலிஷியஸ் வகையறா ஒண்ண விளைவிக்கறாங்க, பகல்ல சுள்ளுனு வெயில் ராத்திரி நடுக்கற குளிர், அதுல தோல் நிறம் ஏறி ஏறி கத்திரிக்கா நிறத்துக்குப் போயிடுது. உள்ள வெள்ளைதான். அமெரிக்காவுல அர்கன்சா பிளாக்னு 1870 வாக்குல இருந்தே ஒண்ணு இருக்கு, பறிச்சப்போ பல்லு போயிடும் அளவுக்குக் கல்லு, சில மாசம் வெச்சா கறுத்து, மெத்துனு ஆகி, ருசி வரும். ரெண்டும் அந்த அந்த ஊர் மண்ணுல ஒட்டு மரத்துல வர்றது. அந்த 300-க்கு நல்ல நாவல்பழம் வாங்கிடுங்க, அதுவும் கறுப்புதான்.

மந்தைவெளி வாசகி: கத்தியால சொரண்டினா வெள்ளையா மெழுகு வருதே, வீடியோ எல்லாம் பாத்து பயமா இருக்கு.

ஆப்பிளுக்குத் தன்னோடதே மெழுகு உண்டும்மா, மரத்துல இருந்து நேரா பறிச்சத சொரண்டினாலும் கொஞ்சம் வரும். பறிச்சுக் கழுவும்போது அது போயிடறதால தேன்மெழுகு, கார்னாபாங்கற பனை இலை மெழுகு, அரக்கு இதுல ஏதாவது மெல்லிசா பூசறாங்க, நம்ம உணவுப் பாதுகாப்பு விதியிலயும் இதுக்கு அனுமதி இருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில நல்லா தேச்சுக் கழுவித் துடைச்சா போதும். அரக்கு பூச்சியில இருந்து வர்றது, விரதம் ஆசாரம்னு பாக்கறவங்க தோல் சீவிடுங்க.

தாம்பரம் வாசகி: கல்யாண வீட்டுல ஆப்பிள் ஊறுகா போடறாங்களே, எந்த ஆப்பிள்?

பச்சை ஆப்பிள், கிரானி ஸ்மித். இதுவும் ஒரு கிழவி கண்டுபுடிச்சதுதான், சிட்னி பக்கம் மரியா ஆன் ஸ்மித்னு ஒரு அம்மா, 1868 வாக்குல குப்பையில போட்ட ஆப்பிள்ல இருந்து தானா மொளைச்சது. மாங்கா கிடைக்காத காலத்துல கல்யாண சமையல்காரங்க இதத்தான் புடிப்பாங்க, புளிப்பும் இருக்கு, வெட்டினா கறகறன்னும் நிக்குது. சிவப்பு ஆப்பிள்ல போட்டுடாதீங்க, பாயசத்துல மொளகாப்பொடி போட்ட மாதிரி இருக்கும். தோலோட பொடிசா நறுக்கி, நறுக்கின உடனே உப்பும் எலுமிச்சைச் சாறும் பெரட்டிடணும், இல்லன்னா பழுப்பாயிடும். நல்லெண்ணெயில கடுகு, பெருங்காயம் தாளிச்சு, அடுப்ப அணைச்சுட்டு மொளகாப்பொடியும் வறுத்த வெந்தயப் பொடியும் போட்டு, சூடு கொஞ்சம் ஆறினதும் ஆப்பிள் மேல கொட்டிக் கிளறுங்க. ரெண்டு நாளைக்கு மேல வெக்காதீங்க, தண்ணி விட்டுடும்.